பட்டியலை மூடிவிட்டு மகளைப் பேசச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி: பர்மாவில் பெகு ஊரிலிருந்து எழுதுகிறேன் ஐயா. என் மகள் வருகிற மார்ச்சில் பத்தாவது பரீட்சை எழுதுகிறாள். சயின்ஸ் பிரிவு. மற்ற பாடங்கள் பரவாயில்லை. ஆங்கிலத்தில், ஒரு சொல்லைக் கொடுத்து அதை மாற்றிக் கோடிட்ட இடத்தில் எழுதச் சொல்லும் பயிற்சியில்தான் தடுமாறுகிறாள். டியூஷனில் 800 சொல் உள்ள பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். விடிகாலை 4 மணிக்கு எழுந்து சத்தமாகப் படிக்கிறாள். அப்படியும் போன வாரத் தாளில் 20-க்கு 9தான். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் இட்லிக் கடை போடுகிறவள். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. கோயில் வகுப்பில் படித்த தமிழும், சந்தையில் பேசும் பர்மா பாஷையும்தான் தெரியும். நான் எப்படி உதவுவது? தமிழ் குறுக்கே வந்து ஆங்கிலத்தைக் குழப்புகிறது, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பை நிறுத்திவிடு என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

தாளை அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. மார்க்கை மட்டும் எழுதியிருந்தால் நானும் பொதுவாக ஏதாவது சொல்லியிருப்பேன். தாளைக் கையில் வைத்துப் பார்க்கும்போது உங்கள் மகள் எங்கே தடுமாறுகிறாள் என்பது தெளிவாகத் தெரிகிறது. (பழைய பழக்கத்தில் பத்தாவது என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது பன்னிரண்டாவதில் நடக்கும் பரீட்சையைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.)

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நீங்களே வாசித்துக் காட்டலாம். நீங்கள் வாசிக்க வாசிக்க, மகள் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வரட்டும்.

தவறான 11 விடைகளையும் பிரித்துப் பார்த்தேன். நான்கில் சொல்லின் வகை மாறிப் போயிருக்கிறது. மூன்றில், ‘இல்லை’ என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை. இரண்டில் பன்மை விட்டுப்போயிருக்கிறது. ஒன்றில் சொல்லின் உள்ளே மாறவேண்டிய உயிரோசை மாறவில்லை. ஒன்று எழுத்துப்பிழை. சொல் தெரியாமல் தவறியது ஒன்றுகூட இல்லை அம்மா. 800 சொல்லை 1,000 ஆக்கினாலும் இந்த 9 மார்க் 9 ஆகவே நிற்கும்.

நானும் படிக்கிற காலத்தில் ரங்கூனில் ஒரு டியூஷனில் இப்படித்தான் பட்டியலை உருப்போட்டேன். தாளில் ‘டிஸைட்’ என்று பார்த்ததும் டிஸிஷன், டிஸைஸிவ், டிஸைஸிவ்லி என்று வரிசை மளமளவென்று நாக்கில் வந்தது. அந்த இடத்துக்கு எது வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. கடைசியில் எழுதக் கொஞ்சம் நீளமாக இருந்த சொல்லை எழுதிவிட்டு வந்தேன். இப்போது நானே சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் பட்டியலோடு வரும்போது முதல் வேலையாக அதை மூடி வைக்கச் சொல்கிறேன்.

கொடுத்த சொல்லைப் பார்ப்பதற்கு முன்னால் கோடிட்ட இடத்தைப் பார்க்கவேண்டும். அங்கே எந்த வகைச் சொல் உட்கார முடியும் என்பதை வாக்கியமே சொல்லிவிடும். இதற்குத் தமிழ் எவ்வளவு உதவுகிறது என்பதை உங்கள் மகளின் தாளிலிருந்தே காட்டுகிறேன்.

ஒரு கேள்வி: ‘ஹி மேட் எ ____’, கொடுத்த சொல் டிஸைட். மகள் ‘டிஸைடிங்’ என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் தமிழில் கேளுங்கள்: அவன் ஒரு ____ எடுத்தான். எதை எடுத்தான்? முடிவை எடுத்தான். ‘முடிவு’ என்பது பெயர்ச்சொல். கோட்டுக்கு முன்னால் ‘எ’, ‘தி’, ‘ஹிஸ்’, ‘மை’ என்று ஏதாவது நின்று, கோட்டோடு அந்தத் தொடர் முடிந்துவிட்டால், அங்கே பெயர்ச்சொல்தான் வரும். ஆகவே டிஸிஷன்.

அடுத்தது: ‘மை அங்கிள் டிரைவ்ஸ் ____’, கொடுத்த சொல் கேர். அவள் எழுதியது ‘கேர்ஃபுல்’. தமிழில் சொல்லிப் பாருங்கள். மாமா கவனமான ஓட்டுகிறார் என்று யாராவது சொல்வார்களா? கவனமாக ஓட்டுகிறார். இந்த ‘ஆன’, ‘ஆக’ இரண்டும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரிய சொத்து. அழகு, அழகான, அழகாக என்பதற்கு ஆங்கிலத்தில் பியூட்டி, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுலி. கவனம், கவனமான, கவனமாக என்பதற்குக் கேர், கேர்ஃபுல், கேர்ஃபுலி. ‘ஆன’ வருகிற இடத்தில் பெயரடை, அதாவது பெயரை விவரிக்கும் சொல். ‘ஆக’ வருகிற இடத்தில் வினையை விவரிக்கும் வினையடை, அதற்குப் பெரும்பாலும் ‘லி’. வாசலில் விளையாடுகிற குழந்தைகூட ‘அழகான ஓடுகிறாள்’ என்று சொல்லாது. அந்தக் காது உங்கள் மகளுக்கும் இருக்கிறது.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் காலை வாரிவிடும். அதிலும் அவள் விழுந்திருக்கிறாள். ‘தி ரோட் வாஸ் ____’, கொடுத்த சொல் டேஞ்சர். சாலை ஆபத்தாக இருந்தது என்று தமிழில் ‘ஆக’ போட்டுத்தான் சொல்கிறோம். அதை நம்பி ‘டேஞ்சரஸ்லி’ என்று எழுதிவிட்டாள். ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’ ஆகியவற்றுக்குப் பின்னால் ஒன்று எப்படி இருக்கிறது என்று சொல்ல, ஆங்கிலம் பெயரடையையே வைக்கும். சாலை எப்படிப்பட்டது? ஆபத்தானது. ஆகவே டேஞ்சரஸ். தமிழில் ‘ஆக இருந்தது’ என்று வந்தால் அதை ‘ஆனது’ என்று மாற்றிச் சொல்லிப் பார்க்க வேண்டும். மாற்ற முடிந்தால் ‘லி’ வேண்டாம். ‘ஓட்டினார்’ போன்ற வினையோடு வரும் ‘ஆக’வை இப்படி மாற்ற முடியாது. நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, ‘தி சில்ட்ரன் வேர் ____’ என்பதில் ‘போர்’ என்ற சொல்லை வைத்து ‘போரிங்’ என்று எழுதியிருக்கிறாள். குழந்தைகள் சலிப்பூட்டினார்கள் என்று பொருள் மாறிவிட்டது. சலிப்பைக் கொடுப்பது ‘இங்’, சலிப்படைந்தவர் ‘எட்’. பாடம் போரிங், பிள்ளைகள் போர்ட். கதை இன்ட்ரஸ்டிங், கேட்பவர் இன்ட்ரஸ்டட். ஊட்டும் கை, உண்ணும் வாய் என்று நான் வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் மறப்பதில்லை.

இப்போது அந்த ‘இல்லை’க்கு வருவோம். இதுதான் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. தமிழில் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறோம்: தெரியாது, வரவில்லை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். நம் பிள்ளைகள் சொல்லின் வாலை மாற்றிவிட்டு, தலையை மறந்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் மகளுக்குப் பர்மா பாஷை தண்ணீர்பட்ட பாடு. ‘தி’ என்றால் தெரியும், ‘மதிபூ’ என்றால் தெரியாது. ‘லா’ என்றால் வா, ‘மலாபூ’ என்றால் வரவில்லை. முன்னால் வந்து நிற்கிற அந்த ‘ம’வைத்தான் ஆங்கிலம் ‘அன்’, ‘இன்’, ‘டிஸ்’ என்று வைக்கிறது. நம் தமிழிலும் வடமொழியிலிருந்து வந்த சொற்களில் இது உண்டு. நியாயம், அநியாயம். சுத்தம், அசுத்தம்.

இப்படி முன்னால் ஒட்டும் முன்னொட்டு வேண்டுமா வேண்டாமா என்பதை, கோடு இருக்கும் வாக்கியத்தை மட்டும் படித்தால் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து வாக்கியம்தான் சொல்லும். மகளின் தாளில் ‘யாரும் அவனை நம்பவில்லை, ஏனென்றால் அவன் ____’ என்று பொருள் வரும் வாக்கியத்தில் ‘ஆனஸ்ட்’ என்பதை அப்படியே விட்டிருக்கிறாள். நேர்மையானவனை ஏன் நம்பாமல் இருக்கவேண்டும்? டிஸ்ஆனஸ்ட். இன்னொன்றில், புயலில் ஆற்றைக் கடப்பது ____, அதனால் காத்திருந்தோம். பாஸிபிளாக இருந்தால் எதற்குக் காத்திருக்க வேண்டும்? இம்பாஸிபிள். ‘பிகாஸ்’, ‘பட்’, ‘ஸோ’, ‘ஆல்தோ’ என்ற நான்கு சொற்களைக் கண்டால் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ‘____, தி லாஸ்ட் பஸ் ஹேட் லெஃப்ட்.’ கொடுத்த சொல் ஃபார்ச்சூன், அதாவது அதிர்ஷ்டம். வாக்கியத்தின் தொடக்கத்தில் தனியாக நின்று, பின்னால் ஒரு காற்புள்ளி. அப்படியென்றால் ‘ஆக’ வகை, ‘லி’ வேண்டும். பெயரிலிருந்து நேராக ‘லி’க்குத் தாவ முடியாது, நடுவில் பெயரடை வேண்டும். ஃபார்ச்சூன், ஃபார்ச்சுனேட், ஃபார்ச்சுனேட்லி. இங்கே வந்து நிறுத்திவிட்டாள். கடைசி பஸ் போய்விட்டது என்பது நல்ல சேதியா? அன்ஃபார்ச்சுனேட்லி. ஒரே கோட்டுக்குள் மூன்று படி. இரண்டு படி சரியாக ஏறியிருக்கிறாள், அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். ‘தவறு’ என்ற சிவப்புக் கோட்டில் அது தெரியாது.

‘இம்பாஸிபிள்’ என்பதில் ‘இன்’ எப்படி ‘இம்’ ஆனது என்று மகள் கேட்டால், மரம் என்ற சொல்லோடு ‘கள்’ சேரும்போது மரங்கள் என்று ஏன் வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள். வருகிற எழுத்துக்கு ஏற்ற மாதிரி வாய் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ப, ம ஓசைக்கு முன்னால் இம்: இம்பேஷன்ட், இம்மெச்சூர். ல ஓசைக்கு முன்னால் இல்: இல்லீகல். ர ஓசைக்கு முன்னால் இர்: இர்ரெகுலர். ‘அன்’ மட்டும் யாருக்கும் வளைந்து கொடுக்காது. அன்லக்கி, அன்பாப்புலர் என்று அப்படியே நிற்கும். ஒரு சொல்லுக்கு அன்னா, இன்னா, டிஸ்ஸா என்பதற்கு முழு விதி கிடையாது. அதைப் படித்துப் படித்துத்தான் பழக வேண்டும்.

பன்மையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘மெனி’, ‘டூ ஆஃப்’ என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும்போது விஸிட்டர், இன்வென்ஷன் என்று ஒருமையில் விட்டிருக்கிறாள். அவசரம்தான் காரணம்.

ஸ்ட்ராங் என்பதற்கு ‘ஸ்ட்ராங்னஸ்’ என்று எழுதியிருக்கிறாளே, அதைக் கண்டு வருத்தப்படாதீர்கள். வகையைச் சரியாகப் பிடித்து, ‘னஸ்’ சேர்க்கலாம் என்று அவளாகவே யோசித்திருக்கிறாள். ஆனால் அந்தச் சொல் உள்ளேயே மாறுகிற ரகம்: ஸ்ட்ரெங்த். தமிழில் கெடு என்பது கேடு, படு என்பது பாடு, சுடு என்பது சூடு ஆகிறதே, அதைப் போல ஆங்கிலத்திலும் வேரின் உயிரே மாறுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. லாங், லெங்த். டீப், டெப்த். வைட், விட்த். ப்ரவுட், ப்ரைட். ஹாட், ஹீட். சூஸ், சாய்ஸ். லூஸ், லாஸ். இவற்றில் பல மிகப் பழைய ஆங்கிலச் சொற்கள். ஸ்ட்ரெங்த், லெங்த் போன்றவற்றில், ஒருகாலத்தில் பின்னொட்டில் இருந்த ஓர் ஓசை முன்னால் இருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஓசை மறைந்துவிட்டது, மாற்றம் தங்கிவிட்டது. இந்தக் கூட்டம் சிறியது. முப்பது சொல்லுக்குள் பரீட்சைக்கு வேண்டியது அடங்கிவிடும். மனப்பாடம் என்ற கருவியை இங்கே தாராளமாக எடுக்கலாம். விடிகாலையில் சத்தமாகச் சொல்லட்டும், இந்த முப்பதை மட்டும்.

மிச்சமுள்ள பெரும்பாலான சொற்களுக்கு ஓரளவு ஒழுங்கு உண்டு. கைண்ட், டார்க், ஸேட் போன்ற வீட்டுச் சொற்கள் ‘னஸ்’ எடுக்கும். 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், அப்புறம் லத்தீனிலிருந்தும் ஏராளமான சொற்கள் வந்து சேர்ந்தன. அவை ‘ஷன்’, ‘இட்டி’, ‘மென்ட்’ என்ற வால்களோடு வந்தன. ‘ஏபிள்’ என்று முடியும் சொல் அநேகமாக ‘எபிலிட்டி’ என்றும், ‘இவ்’ என்று முடிவதில் பல ‘இவிட்டி’ என்றும் மாறும். ஆட்களைச் சொல்லும் சொற்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். டீச்சர், ரைட்டர் என்று ‘அர்’ போட்டுப் பழகியவர்கள் சமையல்காரரையும் ‘குக்கர்’ என்று எழுதிவிடுவார்கள். சமைக்கிறவர் குக். குக்கர் அடுப்பில் இருக்கும். அதே மாதிரி ‘லி’யில் முடிவதெல்லாம் வினையடை அல்ல, ஃப்ரெண்ட்லி, லவ்லி இரண்டும் பெயரடைகள். ஹார்ட் என்றால் கடினமாக, ஹார்ட்லி என்றால் அரிதாகவே. கடினமாக உழைத்தாள் என்று சொல்ல ‘ஹார்ட்லி’ போட்டால், அவள் உழைக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

எழுத்துப்பிழை ஒன்று என்றேனே, அது ஆர்க்யூமென்ட். ஆர்க்யூ என்பதன் கடைசி ஈ எழுத்து இங்கே போய்விடும். ட்ரூ என்பது ட்ரூலி ஆகும்போதும் அதே ஈ போகும். பியூட்டி, ஹேப்பி ஆகியவற்றின் கடைசி ஒய், வால் சேரும்போது ஐ ஆகிவிடும். எழுத்து என்பது கையின் பழக்கம், எழுதித்தான் வரும்.

சரி, சொற்களை எங்கிருந்து எடுப்பது? அவள் சயின்ஸ் பிரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் புத்தகத்தில் வரும் ஆங்கிலச் சொற்களே இந்தப் பயிற்சிக்குப் பெரிய களஞ்சியம். ரியாக்ட், ரியாக்‌ஷன், ரியாக்டிவ், ரியாக்டிவிட்டி. கண்டக்ட், கண்டக்டர், கண்டக்‌ஷன், கண்டக்டிவிட்டி. கணக்கில் ஸால்வ் என்றால் தீர்ப்பது, ஸொல்யூஷன் என்றால் தீர்வு. கெமிஸ்ட்ரியில் அதே ஸொல்யூஷன் கரைசல். கரையக்கூடியது ஸால்யுபிள், கரையாதது இன்ஸால்யுபிள். லத்தீனில் ‘அவிழ்’ என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து இவை எல்லாம் வந்தன. கணக்கு அவிழ்கிறது, உப்பும் தண்ணீரில் அவிழ்கிறது. இப்படிப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அந்த நான்கு சொல்லும் நான்கு சுமையாக இருக்காது, ஒரே வீட்டு ஆட்களாகத் தெரியும்.

நோட்டில் நான்கு கட்டம் போடட்டும்: வினை, பெயர், பெயரடை, வினையடை. ஒரு நாளைக்கு மூன்று சொற்குடும்பம் போதும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம். கடைக்கு வருகிறவர்கள், தெரு, வீடு எதைப் பற்றியும் இருக்கலாம். சில கட்டம் காலியாக இருக்கும், இருக்கட்டும். எல்லாச் சொல்லுக்கும் நான்கு வடிவமும் கிடையாது. வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால், ஆறு வாரத்தில் 108 குடும்பம் ஆகிவிடும். பட்டியலில் உள்ள 800 சொல்லைவிட இந்த 108 கைகொடுக்கும். கடிதம், கட்டுரை எழுதும்போதும் இவைதான் பேனாவில் வரும்.

நான் எப்படி உதவுவது என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது இதில் குறையே இல்லை அம்மா. ராத்திரி மறுநாளைக்கு மாவு அரைத்து வைத்த பிறகு, கால்மணி நேரம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் எழுதுவதற்கு முன்னால் அவளிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். அந்த இடத்தில் எந்த வகைச் சொல், ஏன்? நல்ல பொருளா, இல்லை என்ற பொருளா? ஒன்றா, பலவா? அவள் தமிழிலோ பர்மா பாஷையிலோ உங்களுக்குப் புரிகிற மாதிரி காரணம் சொல்ல வேண்டும். உங்களுக்குப் புரியவில்லை என்றால் அவளுக்கும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி சொல்லச் சொல்லுங்கள். விடை சரியா என்று நீங்கள் பார்க்க வேண்டியதில்லை, அதை அவளுடைய டீச்சர் பார்த்துக்கொள்வார். ஆங்கிலம் தெரிந்த பெற்றோர் பலர் இந்த இடத்தில் பொறுமையிழந்து விடையைச் சொல்லிவிடுகிறார்கள். உங்களால் சொல்ல முடியாது. அதனால் யோசிக்கிற வேலை முழுவதும் அவளிடமே இருக்கும்.

விடிகாலை 4 மணிப் படிப்பைக் கொஞ்சம் தள்ளி 5 மணிக்கு வையுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளைக்குத்தான் ‘மெனி’ என்ற சொல் கண்ணில் படாமல் போகும்.

தமிழ் வகுப்பை நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் போகிற வகுப்பை நிறுத்தி மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான். அழகான, அழகாக என்ற வேறுபாட்டை அவள் எங்கே கற்றுக்கொண்டாள்? உங்கள் வாயிலிருந்தும் அந்த வகுப்பிலிருந்தும்தானே? ‘ஆபத்தாக இருந்தது’ என்ற ஓர் இடத்தில் தமிழ் அவளைக் குழப்பியது உண்மை. ஆனால் தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்தக் குழப்பத்தை இரண்டு நிமிஷத்தில் விளக்க முடியும். பர்மா பாஷையையும் இதே போலப் பயன்படுத்தலாம். ‘மே’ என்றால் கேள், ‘அமே’ என்றால் கேள்வி. ‘ப்யே’ என்றால் பதில் சொல், ‘அப்யே’ என்றால் பதில். வினைக்கு முன்னால் ஓர் ‘அ’ வந்து பெயராக்குகிறது. தமிழில் கேள் என்பதோடு ‘வி’ பின்னால் சேர்ந்து கேள்வி. மூன்று மொழியிலும் ஒரே வேலை நடப்பதைப் பார்க்கிற வாய்ப்பு எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? அடுத்த ஞாயிறு அந்த நோட்டைத் தமிழ் வகுப்புக்கும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். படி, படிப்பு, அறி, அறிவு, நட, நடை, கல், கல்வி என்று பத்து ஜோடி ஆசிரியரிடம் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வரட்டும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆங்கில ஜோடிகளை அவளே தேடி எழுதட்டும்.

மகளின் தாளை இந்தப் பதிலோடு திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கத்தில் புதிதாக 10 வாக்கியம் எழுதியிருக்கிறேன், கோடும் வேர்ச்சொல்லும் மட்டும். விடையை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் என்று ஒரு வரி எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். விடை தவறாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு வரி விடுபடக் கூடாது. நான் முதலில் படிப்பது அதைத்தான்.